கூட்டுப் பட்டாவும் தனிப் பட்டாவும்: மூலக்கூறுக்குள் பிணைப்பைத் தேடிப் பிடிக்க ஒரு வழி

பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகளிடம் மீத்தேனை வரையச் சொன்னால், நடுவில் ஒரு கார்பன், சுற்றி நாலு கோடு, நாலு ஹைட்ரஜன் என்று அரை நிமிடத்தில் வரைந்து நீட்டுவார்கள். அதே பிள்ளைகள் எம்எஸ்சி வந்து மீத்தேனைக் கணினியில் கணக்கிட்டால், திரையில் வரும் படத்தில் அந்த நாலு கோடு எங்கேயும் இருக்காது. ஒரு ஆர்பிட்டால் (எலக்ட்ரான் எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லும் சார்பு) மூலக்கூறு முழுவதையும் போர்த்திக்கொண்டு பலூன் மாதிரி உட்கார்ந்திருக்கும். மற்ற மூன்றும் ஆளுக்கொரு திசையில் இரண்டாய்ப் பிளந்து, பல ஹைட்ரஜன்களை ஒன்றாகத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

போன வருஷம் கோபிப் பக்கமிருந்து வந்த ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், அப்ப நாம இத்தன நாளாப் போட்ட கோடெல்லாம் பொய்யுங்களா?" என்று கேட்டார். "பொய் இல்ல அம்மணி, பட்டாதான் வேற" என்றேன்.

அவர்கள் வீட்டில் அந்த வருஷம்தான் பாகம் பிரித்திருந்தார்கள். தாத்தா காலத்து மஞ்சள் தோட்டம், அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருந்தது. கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு "கிழக்கு ஓரத்துத் தென்னை யாருது?" என்று கேட்டால் பதில் கிடையாது, எல்லோருக்கும் எல்லா இடத்திலும் பங்கு உண்டு. சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, உட்பிரிவு போட்டுத் தனிப் பட்டா கைக்கு வந்த பிறகு அதே கேள்விக்கு ஒரே ஒருவர் பெயர் பதிலாக வரும். தோட்டம் மட்டும் ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கணினி முதலில் கொடுப்பது கூட்டுப் பட்டா. அதற்குக் கனானிக்கல் ஆர்பிட்டால்கள் என்று பெயர். அதை உட்பிரிவு செய்தால் கிடைப்பவை உள்ளடங்கிய ஆர்பிட்டால்கள். வகுப்பில் எல்லோரும் லோக்கலைஸ்டு ஆர்பிட்டால் என்றுதான் சொல்கிறோம். பிஎஸ்சி வேதியியலும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்த ஒருவர், ஒரு சனி ஞாயிறில் இந்த உட்பிரிவைத் தன் கையாலேயே செய்து பார்க்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் காகிதத்தில்

கணினியைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. இதைத் தாண்டிப் போகாதீர்கள். மீதி எல்லாமே இதன் பெரிய வடிவம்தான்.

பெரிலியம் ஹைட்ரைடு மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். நடுவில் பெரிலியம், இடமும் வலமும் ஒவ்வொரு ஹைட்ரஜன், எல்லாம் ஒரே நேர்கோட்டில். உள்கூட்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டால் நிரம்பிய ஆர்பிட்டால்கள் இரண்டு. ஒன்றுக்கு இரு பக்கமும் ஒரே குறி. மற்றதற்கு ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. இரண்டுமே இரண்டு ஹைட்ரஜனையும் சரிசமமாகத் தொடுகின்றன, அதாவது கூட்டுப் பட்டா.

இடது ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியில் முதல் ஆர்பிட்டாலின் மதிப்பு 0.30, இரண்டாவதின் மதிப்பு 0.28 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நானே வைத்த எண்கள் இவை. அந்தப் புள்ளியில் எலக்ட்ரான் அடர்த்திக்கு இரண்டின் வர்க்கங்களையும் கூட்ட வேண்டும்: 0.0900 + 0.0784 = 0.1684. (ஒவ்வொரு ஆர்பிட்டாலிலும் இரண்டு எலக்ட்ரான் என்பதால் கடைசியில் இரண்டால் பெருக்க வேண்டும், அது இருக்கட்டும்.)

இப்போது இரண்டையும் கலந்து புதிதாக இரண்டு செய்வோம். கூட்டி, இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.58 ÷ 1.414 = 0.410. கழித்து, அதே எண்ணால் வகுத்தால் 0.02 ÷ 1.414 = 0.014. வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 0.1682 + 0.0002 = 0.1684. அதே அடர்த்தி! ஆனால் இப்போது அந்த இடம் கிட்டத்தட்ட முழுவதும் முதல் புது ஆர்பிட்டாலுக்கே சொந்தம். வலது ஹைட்ரஜன் பக்கம் அதே தூரத்தில் உள்ள புள்ளியில் பழைய மதிப்புகள் 0.30, −0.28. அங்கே புது மதிப்புகள் 0.014, 0.410 என்று தலைகீழாக வரும். இடப்பக்கப் பிணைப்பு ஒருவருக்கு, வலப்பக்கப் பிணைப்பு மற்றவருக்கு என்று பாகம் பிரிந்துவிட்டது.

இது வெறும் ஒரு புள்ளியின் அதிர்ஷ்டம் இல்லை. பல எலக்ட்ரான் அலைச்சார்பை ஓர் அணிக்கோவையாக எழுதுகிறோம். ஒரு நிரையோடு இன்னொரு நிரையின் மடங்கைக் கூட்டினாலும் அணிக்கோவையின் மதிப்பு மாறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வகையைச் சேர்ந்த பண்புதான் இங்கே வேலை செய்கிறது. நிரம்பிய ஆர்பிட்டால்களைத் தங்களுக்குள் சுழற்றினால் அலைச்சார்பு அப்படியே இருக்கும். மொத்த ஆற்றல், அடர்த்தி, இருமுனைத் திருப்புத்திறன், எதுவும் அசையாது.

இதில் 'தங்களுக்குள்' என்ற சொல்தான் முக்கியம். காலியான ஆர்பிட்டாலை உள்ளே கலந்தால் பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து அளந்த கதையாகிவிடும், ஆற்றல் மாறிவிடும்.

கணினியைத் தயார் செய்வது

பைஎஸ்சிஎஃப் என்ற இலவச நிரலைத்தான் நான் புதியவர்களுக்குச் சொல்வது. பைத்தானுக்குள்ளேயே ஓடும், நம் வேலைக்கு வேண்டிய எல்லா முறைகளும் அதில் இருக்கின்றன. விண்டோஸில் நேரடியாக ஓடாது. லினக்ஸ் வேண்டும், இல்லையென்றால் விண்டோஸுக்குள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவ வேண்டும். இதில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் போக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சிரமம் வேண்டாம். பிரௌசரில் கூகுள் கோலாப்பைத் திறந்து, முதல் கட்டத்தில் பிப் கட்டளையால் பைஎஸ்சிஎஃபை நிறுவிக்கொள்ளுங்கள். கணக்கு அவர்கள் சர்வரில் ஓடும். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பே போதும்.

படம் பார்க்க ஜேமோல், அவகாட்ரோ இரண்டில் ஒன்று. ஆர்பிட்டால்களைப் பிரிக்க ஜெரால்டு நிட்சியா 2013-இல் வெளியிட்ட முறைக்காகவே உருவான ஐபோவியூ என்ற நிரலும் உண்டு. படம் அழகாக வரும், ஆனால் தொடக்கத்தில் பைஎஸ்சிஎஃப் வழியே போனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். பட்டன் அமுக்கிப் பழகினால் தெரியாது.

தண்ணீரில் தொடங்குங்கள்

சிறுவாணித் தண்ணீரானாலும் ஆயிரம் அடி போர்வெல் தண்ணீரானாலும் மூலக்கூறு ஒன்றுதான். ஆக்சிஜனை மூலப்புள்ளியில் வையுங்கள். ஹைட்ரஜன்களை (0, 0.757, 0.587), (0, −0.757, 0.587) என்று ஆங்ஸ்ட்ராம் அலகில் கொடுங்கள். பிணைப்பு நீளம் 0.958, கோணம் 104.4 பாகை என்று வரும். சோதனை மதிப்புக்கு மிக அருகில். பேசிஸ் செட்டுக்கு (ஆர்பிட்டால்களைக் கட்ட எடுக்கும் அடிப்படைச் சார்புகளின் தொகுப்பு) சிசி-பிவிடிஇசட் போதும். கனானிக்கல் ஆர்பிட்டால்களைத் தரும் ஹார்ட்ரீ-ஃபாக் கணக்கை ஓட்டுங்கள். சில நொடிகளில் முடிந்து, மொத்த ஆற்றல் −76 ஹார்ட்ரீக்குச் சற்றுக் கீழே வரும் (ஹார்ட்ரீ என்பது ஆற்றலின் அலகு, 27.2 எலக்ட்ரான் வோல்ட்). கணக்கு குவிந்ததா, அதாவது விடை மாறாமல் நிலைத்ததா என்று நிரல் சொல்லும் வரியைக் கட்டாயம் படியுங்கள். குவியாத கணக்கின் ஆர்பிட்டால்களைப் பிரிப்பது, வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்குவது போல.

இந்த பேசிஸ் செட்டில் தண்ணீருக்கு மொத்தம் 24 ஆர்பிட்டால்கள் வரும். 10 எலக்ட்ரான்கள் என்பதால் முதல் 5 மட்டுமே நிரம்பியவை; மீதி 19 காலி. நிரம்பியவற்றின் ஆற்றல்கள் சுமாராக −20.5, −1.3, −0.7, −0.57, −0.5 ஹார்ட்ரீ. முதலாவது மட்டும் பாதாளத்தில் கிடக்கிறதே, அதுதான் ஆக்சிஜனின் உள்கூட்டு 1எஸ். அதை நான் எப்போதும் தனியே ஒதுக்கிவிடுவேன். பிணைப்பில் அதற்கு வேலை இல்லை, சேர்த்துக் கலந்தால் சில முறைகளில் படம் குழம்பும். ஆகவே பிரிக்க வேண்டியது இரண்டாவது முதல் ஐந்தாவது வரை. பைத்தான் எண்ணிக்கையில் 1 முதல் 4 வரை. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதை மறந்து காலி ஆர்பிட்டால் ஒன்றையும் சேர்த்துப் பிரித்துவிட்டு, "சார், படம் பேய் மாதிரி வருதுங்க" என்று வந்து நிற்பது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது.

நிரலின் லோ என்ற பகுதியில் பாய்ஸ், பிஎம், இஆர் என்ற பெயர்களில் பிரிக்கும் முறைகள் இருக்கும் (விளக்கம் அடுத்த பகுதியில்). பிஎம்-ஐ எடுத்து, இந்த நான்கு ஆர்பிட்டால்களையும் கொடுத்து ஓட்டுங்கள். திரும்பி வருவதும் நான்குதான். ஒவ்வொன்றையும் க்யூப் கோப்பாக எழுதி, 0.05 என்ற மதிப்பில் மேற்பரப்பு (ஆர்பிட்டாலின் மதிப்பு 0.05 ஆக உள்ள புள்ளிகளைச் சேர்த்தது) வரைந்து பாருங்கள். இரண்டு ஆர்பிட்டால்கள் ஆளுக்கொரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பில் உட்கார்ந்திருக்கும். மற்ற இரண்டும் ஆக்சிஜன் மேலேயே தங்கிவிடும். அவை தனித்த எலக்ட்ரான் இரட்டைகள். 1916-இல் கில்பர்ட் லூயிஸ் புள்ளி வைத்து வரைந்த அதே படம், குவாண்டம் கணக்குக்குள்ளிருந்து வெளியே வருகிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிணைப்பு ஆர்பிட்டால் ஆக்சிஜன் பக்கம் பருத்தும் ஹைட்ரஜன் பக்கம் சிறுத்தும் இருக்கும். அணுவாரியாக மின்சுமைப் பங்கைக் கணக்கிட்டால், இரண்டு எலக்ட்ரானில் ஒன்றுக்கு மேல் ஆக்சிஜனுக்குப் போயிருக்கும். முனைவுத்தன்மை என்று நாம் வாயால் சொல்வதற்கு இங்கே ஒரு எண் கிடைக்கிறது. இன்னொன்றும் தெரியும்: ஒரு பிணைப்பின் ஆர்பிட்டால் அடுத்த ஹைட்ரஜன் பக்கம் மெல்லிய வாலாக நீண்டிருக்கும். அது பிழை இல்லை. ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று (படத்தில் அல்ல, கணித அர்த்தத்தில்) செங்குத்தாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்காக அந்த வால் வேண்டியிருக்கிறது. வரப்பு போட்டாலும் தென்னை வேர் வரப்பைப் பார்த்தா நிற்கிறது?

எந்த சர்வேயரைக் கூப்பிடுவது

பாகம் பிரிக்க வழி ஒன்றல்ல. எதை நியாயம் என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்து எல்லைக்கல் நகரும். ஃபாஸ்டரும் பாய்ஸும் 1960-இல் சொன்ன முறையில் ஒவ்வொரு ஆர்பிட்டாலும் வெளியில் பரவியிருக்கும் அகலம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். எட்மிஸ்டனும் ருடன்பெர்க்கும் 1963-இல் ஒரே ஆர்பிட்டாலுக்குள் உள்ள விலக்க ஆற்றலை உச்சமாக்கச் சொன்னார்கள். இயற்பியல் அர்த்தம் நிறைந்தது, கணக்குச் செலவு அதிகம், அதனால் இன்று குறைவாகவே பயன்படுகிறது. பிபெக்கும் மெசையும் 1989-இல் கொடுத்த முறை, அதாவது பிஎம், ஒவ்வொரு ஆர்பிட்டாலும் முடிந்தவரை குறைவான அணுக்களின் மேல் மட்டும் இருக்கட்டும் என்கிறது.

தண்ணீரில் பிணைப்புகளைப் பொறுத்தவரை மூவரும் ஏறக்குறைய ஒத்துப்போவார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் எத்திலீனுக்குப் போக வேண்டும். 16 எலக்ட்ரான், 8 ஆர்பிட்டால். இரண்டு உள்கூட்டை ஒதுக்கினால் 6 மிச்சம். அதில் நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள். இரண்டு கார்பனுக்கு நடுவே உள்ள மீதி இரண்டில்தான் விஷயமே இருக்கிறது. பிஎம் முறை ஒரு சிக்மா, ஒரு பை என்று பாடப்புத்தகம் போலவே பிரித்துக் கொடுக்கும். பாய்ஸ் முறையோ மேலே ஒரு வளைந்த பிணைப்பு, கீழே அதே மாதிரி இன்னொன்று என்று இரண்டு வாழைப்பழங்களைக் கொடுக்கும்.

எது சரி? இரண்டும்தான். அடர்த்தி ஒன்று, ஆற்றல் ஒன்று. "இரட்டைப் பிணைப்பு உண்மையில் சிக்மாவும் பையும்தான்" என்று யாராவது மேசையைத் தட்டிச் சொன்னால், இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஆனால் வேலைக்கு எது வசதி என்பது வேறு கேள்வி. இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து வரும் மூலக்கூறுகளில் பையைத் தனியே பார்க்க வேண்டியிருப்பதால் நான் பிஎம் பக்கம்தான்.

பிஎம்-இன் பழைய வடிவத்தில் ஒரு குறை உண்டு. அது அணுவின் பங்கைக் கணக்கிட முல்லிகன் மின்சுமையை (எலக்ட்ரான்களை அணுவாரியாகப் பங்கிடும் ஒரு கணக்கு) நம்புகிறது. அது பேசிஸ் செட்டை மாற்றினால் ஆடும். பேசிஸ் செட்டில் அகலப் பரவும் சார்புகளைச் சேர்த்தால் ரொம்பவே ஆடும். மேலே சொன்ன நிட்சியாவின் முறை இதைத்தான் சரிசெய்தது. முதலில் மூலக்கூறுக்குள் இருக்கும் அணு ஆர்பிட்டால்களை பேசிஸ் செட்டைச் சாராமல் வரையறுத்துக்கொண்டு, அதன் மேல் பிஎம் பிரிவினையைச் செய்கிறது. பைஎஸ்சிஎஃபில் ஐபிஓ என்ற பெயரில் அதுவும் இருக்கிறது. பெரிய பேசிஸ் செட் போட்டால் அதையே எடுங்கள்.

சரிபார்க்காமல் படத்தை நம்பாதீர்கள்

பிரித்து முடித்ததும் முதலில் எண்ணுங்கள். உள்கூட்டு, பிணைப்பு, தனித்த இரட்டை எல்லாம் கூட்டினால் எலக்ட்ரான் எண்ணிக்கையில் பாதி வர வேண்டும். பிறகு புது ஆர்பிட்டால்களை வைத்து மொத்த ஆற்றலைத் திரும்பக் கணக்கிடுங்கள். பழைய எண்ணே வர வேண்டும், எட்டாம் தசம இடம் வரைக்கும். வராவிட்டால் காலி ஆர்பிட்டால் எங்கோ உள்ளே நுழைந்திருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் பலர் விட்டுவிடுவது. பிரிவினை என்பது ஒரு உச்சத்தைத் தேடிப் போகும் வேலை. சமச்சீர் அதிகமுள்ள மூலக்கூறில் தேடல் உச்சிக்குப் போகாமல் இரண்டு மலைக்கு நடுவே உள்ள கணவாயில் நின்றுவிடும். பாலக்காட்டுக் கணவாயில் நிற்பவருக்கு வடக்கேயும் தெற்கேயும் மலை ஏறுகிறது, கிழக்கேயும் மேற்கேயும் இறங்குகிறது. காலடியில் மட்டும் சமதரை. நிரலும் காலடியை மட்டும் பார்த்துவிட்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். இதற்கு வைத்தியம் எளிது: தொடக்க ஆர்பிட்டால்களைச் சும்மா ஏதோ ஒரு சிறு கோணத்தில் கலைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நாலைந்து தடவை இப்படி ஓட்டி, எது சிறந்த மதிப்பைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்த மூலக்கூறில் ஒரு பிணைப்பு மூன்று அணுக்கள் மேல் அசிங்கமாகப் பரவி நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

முதலில் இதைச் சந்தேகப்படுங்கள் என்றுதான் சொன்னேன். சில மூலக்கூறுகளில் பிணைப்பு உண்மையிலேயே மூன்று அணுக்கள் மேல்தான் இருக்கும். டைபோரேனை ஓட்டிப் பாருங்கள். ஆயங்களை அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 16 எலக்ட்ரான், 8 ஆர்பிட்டால். உள்கூட்டு 2, ஓரத்துப் போரான்–ஹைட்ரஜன் பிணைப்பு 4. மிச்சம் 2. பாலமாக நிற்கும் ஹைட்ரஜன்களோ இரண்டு, அவை ஒவ்வொன்றும் இரண்டு போரானைத் தொட வேண்டும். இருப்பது இரண்டு இரட்டை மட்டுமே என்பதால் ஒவ்வொரு இரட்டையும் போரான்–ஹைட்ரஜன்–போரான் என மூன்று மையத்தையும் வளைத்துப் பிடிக்கிறது. எந்த முறையில் எத்தனை தடவை கலைத்து ஓட்டினாலும் இது மூன்று மையமாகவே வரும். ஓரத்துப் பிணைப்பு 1.19 ஆங்ஸ்ட்ராம், பாலத்துப் பிணைப்பு 1.33 ஆங்ஸ்ட்ராம் என்ற சோதனை அளவுகளும் அதற்கு ஒத்துப்போகின்றன. போரேன்களின் அமைப்பையும் பிணைப்பையும் தெளிவாக்கியதற்காகத்தான் வில்லியம் லிப்ஸ்கோம்புக்கு 1976-இல் நோபல் கிடைத்தது. இதையும் சிலர் வாழைப்பழப் பிணைப்பு என்பார்கள். எத்திலீனின் வாழைப்பழத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இரண்டு மையம், இங்கே மூன்று.

பென்சீன் இன்னொரு ரகம். 21 நிரம்பிய ஆர்பிட்டால்களில் 18 ஒழுங்காகப் பிரிந்துவிடும்: உள்கூட்டு 6, கார்பன்–ஹைட்ரஜன் 6, கார்பன்–கார்பன் சிக்மா 6. பை ஆர்பிட்டால் மூன்றும் மட்டும் மல்லுக்கு நிற்கும். ஒரு தடவை ஓட்டினால் 1-2, 3-4, 5-6 என்று இரட்டைப் பிணைப்பு உட்காரும். கலைத்து ஓட்டினால் 2-3, 4-5, 6-1 என்று மாறி உட்காரும். இடைப்பட்ட வடிவங்கள்கூட வரலாம். ஒவ்வொன்றும் பக்கத்துக் கார்பன்கள் மேல் தாராளமாக வழிந்து நிற்கும். தோட்டத்தைப் பிரித்தவர்கள் கிணற்றைப் பிரிக்க முடியாமல் 'ஆளுக்கு ரெண்டு நாள் முறை' என்று பத்திரத்தில் எழுதுவது போலத்தான். முறை வைத்துத் தண்ணீர் இறைக்கலாம். கிணற்றுக்குள் வரப்பு போட முடியாது. ஓட்டுக்கு ஓட்டு விடை மாறுவதும், வால் தடித்திருப்பதும் 'இங்கே எலக்ட்ரான் உள்ளடங்கவில்லை' என்று மூலக்கூறே சொல்லும் சேதி.

நான் மாட்டிக்கொண்ட இடம்

என் எம்ஃபில் வாய்மொழித் தேர்வில் நான் மீத்தேனின் நான்கு உள்ளடங்கிய ஆர்பிட்டால்களின் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். நான்கும் அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி. வெளித்தேர்வாளர் சிரித்தபடி, "நாலும் ஒண்ணுதானே தம்பி? அப்ப எலக்ட்ரானைப் பிடுங்க ஒரே ஆற்றல்தானே வேணும்? நிறமாலையில எத்தன முகடு வரும்?" என்றார். "ஒண்ணு சார்" என்றேன். அதற்கப்புறம் அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

மீத்தேனின் ஒளி எலக்ட்ரான் நிறமாலையில் (ஒளியால் எலக்ட்ரானைப் பிடுங்கி, அதற்கான ஆற்றலை அளக்கும் சோதனை) வெளிக்கூட்டுக்கு இரண்டு பட்டைகள். ஒன்று சுமார் 14 எலக்ட்ரான் வோல்ட்டில், மற்றது சுமார் 23-இல். அன்று எனக்குத் தெரியாத விடையை இப்போது நாலு வரியில் எழுதலாம். நான்கு தனிப் பட்டாக்காரர்களுக்கும் ஒரே சராசரி மதிப்பு, அதை அ என்போம். ஆனால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிடவில்லை. எந்த இருவருக்கும் நடுவே ஆ என்ற ஒரு இணைப்பு மதிப்பு மிச்சம் இருக்கிறது. எலக்ட்ரான் ஒன்றைப் பிடுங்கினால் உண்டாகும் வெற்றிடம் ஒரு பிணைப்பில் நிற்காது, நான்கிலும் பரவும். நான்குக்கு நான்கு அணியாக எழுதித் தீர்த்தால் அ + 3ஆ என ஒரு விடை, அ − ஆ என மூன்று விடைகள். அ 16.25, ஆ 2.25 என்று போட்டுப் பாருங்கள்: 16.25 + 6.75 = 23. 16.25 − 2.25 = 14. இரண்டு பட்டை, அதுவும் ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில்.

ஆக, உள்ளடங்கிய ஆர்பிட்டாலுக்குப் பக்கத்தில் நிரல் ஒரு ஆற்றல் எண்ணை அச்சிட்டாலும் அதை அயனியாக்கும் ஆற்றலாக எடுக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கூட்டுப் பட்டாவிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீரின் கடைசி கனானிக்கல் ஆர்பிட்டால் −0.5 ஹார்ட்ரீயை ஒட்டி இருந்ததே, அதை 27.2-ஆல் பெருக்கினால் 13.5 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வரும். சோதனை மதிப்பு 12.6. தோராயம்தான், ஆனாலும் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறோம்.

ஈரோட்டு மஞ்சளுக்கு வருவோம்

அந்த மாணவி கடைசியில் எடுத்துக்கொண்டது குர்குமின், மஞ்சளுக்கு நிறம் தரும் மூலக்கூறு. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை வீட்டில் இன்னும் ஓயவில்லையாம். 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். 194 எலக்ட்ரான், நிரம்பிய ஆர்பிட்டால் 97. சிசி-பிவிடிஇசட் போட்டால் 478 சார்புகள் வரும்; தண்ணீர் மாதிரி நொடியில் முடியாது, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

ஓட்டும் முன்பே காகிதத்தில் எண்ணச் சொன்னேன். உள்கூட்டு 27. சிக்மா பிணைப்பு 48: அணுக்கள் 47, வளையங்கள் 2 என்றால் 47 − 1 + 2. பை பிணைப்பு 10. ஆக்சிஜன் ஒன்றுக்கு இரண்டாகத் தனித்த இரட்டை 12. கூட்டினால் 97. ஐபிஓ முறையில் பிரித்த பிறகு அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து நோட்டில் கோடு போட்டு எண்ணினார். 97 சரியாக வந்தது. பை பத்தும் மட்டும் வால் தடித்து, பக்கத்து அணுக்கள் மேல் வழிந்து கிடந்தன, பென்சீனில் பார்த்த மாதிரியே.

"சரிங்க சார், இதுல மஞ்ச நிறம் எங்கீங்க இருக்குது?" என்று அடுத்த கேள்வி. இந்த 97 படத்திலும் இல்லை. குர்குமின் 425 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை விழுங்குவதால் மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கும்போது எலக்ட்ரான் தாவுவது மூலக்கூறின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீண்டு கிடக்கும் பை அமைப்புக்குள். அதைப் பார்க்க நிரம்பியதில் கடைசி, காலியானதில் முதல் என்ற இரண்டு கனானிக்கல் ஆர்பிட்டால்களிலிருந்து தொடங்க வேண்டும். எண் சரியாக வர வேண்டுமென்றால் கிளர்வு நிலைக்கென்று உள்ள தனிக் கணக்கையும் ஓட்ட வேண்டும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதுவும் அந்தப் பக்கத்துக் கதைதான்: காரம் ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடுவதால் பை அமைப்பு மாறி, விழுங்கும் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது.

அப்புறம் எதற்கு இந்தப் பாகப்பிரிவினை என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பயன் சொல்கிறேன். சிசிஎஸ்டி(டி) என்ற உயர்துல்லிய முறையில் மூலக்கூறு இரண்டு மடங்கானால் செலவு இரண்டின் ஏழாம் அடுக்கு, அதாவது 128 மடங்கு. கனானிக்கல் ஆர்பிட்டால்களில் எல்லோரும் எல்லோரோடும் பேசுவதால் இந்த நிலை. உள்ளடங்கியவற்றில் தூரத்து இரட்டைகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை, அவற்றைக் கழித்துவிடலாம். பீட்டர் புலாய் 1983-இல் தொடங்கி வைத்த யோசனை இது. 2013-இல் ஃபிராங்க் நீஸின் குழு இதே வழியில் 644 அணுக்கள் கொண்ட கிராம்பின் என்ற புரதத்தை அந்தத் துல்லியத்தில் கணக்கிட்டுக் காட்டியது. இன்று ஆர்கா என்ற கணக்கீட்டு நிரலில், இந்த வழியைக் குறிக்கும் டிஎல்பிஎன்ஓ என்ற சொல்லை உள்ளீட்டில் சேர்க்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, முதலில் பாகம்தான் பிரிக்கிறார்கள்.

ஆய்வேட்டில் எழுதும்போது படத்துக்குக் கீழே நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த முறையில் பிரித்தீர்கள், எந்த பேசிஸ் செட், உள்கூட்டைத் தனியே ஒதுக்கினீர்களா, மேற்பரப்பை எந்த மதிப்பில் வரைந்தீர்கள். 0.05-இல் வரைந்த படத்தையும் 0.02-இல் வரைந்த படத்தையும் பக்கத்தில் வைத்து "இது அதிகம் பரவியிருக்கிறது" என்று எழுதிய ஆய்வேடு ஒன்று போன மாதம் என் மேசைக்கு வந்தது. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.